சொல்லும் திரையும்: குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு மின்னிலக்க மனநலத் துணை



மொழிக்கென அமைந்த இம்மேடையில் மருத்துவமும் கைப்பேசியும் ஏன் பேசுபொருளாக வேண்டும் என்னும் வினா உங்களுள் சிலருக்கு எழுந்திருக்கலாம். அதற்கான விடையை முதலிலேயே கூறிவிடுவது நலம். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கைப்பேசி வழியாகக் கிடைக்கும் மனநல உதவி மாத்திரையாகவோ ஊசியாகவோ வருவதில்லை. அது சொற்களாகவே வருகிறது. வினாவாகவும் விடையாகவும் ஆறுதலாகவும் அறிவுரையாகவும் வரும் அச்சொற்கள் பொருத்தமாக அமைந்தால் அவளுக்குத் துணை கிடைக்கும். பிழையாக அமைந்தால் முன்பே இருக்கும் காயத்தின்மேல் இன்னொன்று விழும். ஆகவே அத்துணையைத் தமிழில் அமைப்பது மருத்துவரும் மென்பொருள் வல்லுநரும் மட்டுமே செய்து முடிக்கக்கூடிய பணியன்று. மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் அதில் பங்குகொள்ள வேண்டும். இவ்வுரையில் நாம் எடுத்துக்காட்ட முயல்வது இதுவே.

1. சுமையின் அளவு

ஓராண்டோ அதற்கு மேலோ கருத்தடை எதுவுமின்றி இயல்பான இல்லறம் நடத்தியும் கரு உருவாகாத நிலையை மருத்துவம் கருவுறாமை என்று வரையறுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 17.5 விழுக்காட்டினர், அதாவது ஆறு பேரில் ஒருவர், தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இந்நிலையைச் சந்திக்கின்றனர். செல்வமுள்ள நாடு, வறிய நாடு என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை என்பதையும் அவ்வறிக்கை சுட்டியது. இந்த மண்டபத்தில் நூறு பேர் அமர்ந்திருந்தால், அவர்களுள் பலருக்கு இது செய்தியன்று. அவர்களது சொந்த வாழ்க்கை.

உடலைப் பற்றிய இச்சிக்கல் மனத்தை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் தோமாரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்று, கருவுறாமைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் மனத்துயரைப் பிற நோயாளிகளின் துயருடன் ஒப்பிட்டது. புற்றுநோயாளிகள், இதய நோயிலிருந்து மீள்வோர், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் ஆகியோரின் துயருக்கு இப்பெண்களின் துயர் ஏறக்குறைய இணையாக இருந்தது. ஆயினும் புற்றுநோய் என்றால் பழங்களுடன் வீட்டுக்கு வந்து நலம் விசாரிக்கும் சமூகம், இத்துயரைத் துயர் என்றே ஏற்றுக்கொள்வதில்லை. இதற்கு இரங்கல் கூட்டமும் இல்லை, மருத்துவ விடுப்புக்குச் சொல்லத்தக்க பெயரும் இல்லை.

நம் வட்டாரத்தில் உடலுக்கான மருத்துவம் நெடுந்தொலைவு வந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம் தலைமையிலான குழுவின் முயற்சியால், 1983ஆம் ஆண்டு மே மாதம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. இன்று சிங்கப்பூரில் தகுதிபெறும் இணையருக்குப் பொது மருத்துவமனைகளில் செயற்கைக் கருத்தரிப்புச் செலவில் 75 விழுக்காடு வரை அரசு இணைநிதி அளிக்கிறது. மெடிசேவ் சேமிப்பையும் பயன்படுத்த முடியும். மலேசியாவில் 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழியுண்டு. சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கியபின் குழந்தைப் பிறப்பு நாடாளுமன்றத்திலும் நாளிதழிலும் ஓயாத பேச்சாகிவிட்டது. ஒரு நாடே "குழந்தை பெறுங்கள்" என்று கூறும்போது, பெற விரும்பியும் இயலாத பெண்ணின் செவியில் அவ்வழைப்பு எவ்வாறு விழும் என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர்.

2. தமிழ் அவளை என்ன சொல்லி அழைக்கிறது?

நம் மொழியின் பக்கம் இனித் திரும்புவோம். "மலடு" என்னும் சொல் நிலத்துக்கும் கால்நடைக்கும் வழங்குவது. அதே சொல் பெண்ணுக்கு ஏறும்போது "மலடி" ஆகிறது. பெயராகத் தொடங்கி வசையாக முடிகிறது. "மலடன்" என்னும் ஆண்பாற் சொல் அகராதியில் உண்டு. தெருவிலும் திண்ணையிலும் அதைக் கேட்பது அரிது. ஆனால் மருத்துவ உண்மையோ வேறு. கருவுறாமைக்கு மருத்துவம் நாடும் இணையருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனித்தோ பெண் தரப்புக் காரணத்துடன் சேர்ந்தோ காணப்படுகிறது. இருவருக்கும் உரிய ஒரு நிலையை மொழி ஒருத்தியின் தலையில் மட்டும் ஏற்றி வைத்திருக்கிறது.

"மகப்பேறின்மை" என்பது மதிப்பான சொல். எனினும் அதன் உள்ளே இருக்கும் "பேறு" என்பதை நோக்குங்கள். பெறுவது பேறு, நற்பயன், பாக்கியம் என்னும் பொருளும் அதற்குண்டு. மணமக்களைப் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழுமாறு வாழ்த்துகிறோம். அப்பதினாறு பேறுகளுள் நன்மக்களும் அடக்கம். ஆகவே பேறின்மை என்னும்போது பாக்கியமின்மை என்னும் நிழலும் கூடவே வருகிறது. "கருவுறாமை" என்பது உடலின் நிலையை மட்டும் சொல்கிறது. மருத்துவப் படிவத்துக்கு அது ஏற்றது. "குழந்தைக்காகக் காத்திருப்போர்" என்பது மனிதரைச் சொல்கிறது. ஆனால் சிகிச்சையை நிறுத்திவிட முடிவுசெய்த பெண்ணுக்கு அது பொருந்தாது. ஒரே சொல் எல்லா இடத்துக்கும் உதவாது என்பதை மொழியாசிரியர் எளிதில் உணர்வர். மென்பொருள் எழுதுவோர்க்கு அதனை நாம்தான் எடுத்துக் கூற வேண்டும்.

நேரடியான வசையைக் காட்டிலும் அன்புபோல வரும் விசாரிப்பு அடிக்கடி வலிக்கிறது. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பதும், "வயிற்றில் புழு பூச்சி ஏதும் உண்டா?" என்பதும் திருமண வீட்டிலும் கோயில் வாயிலிலும் கேட்கப்படும் கேள்விகள். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்னும் பழமொழி, அவசரக்காரரை நகையாட நாம் இயல்பாக எடுத்தாள்வது. அந்நகையின் செலவை ஏற்பவள் குழந்தையில்லாத பெண் என்பதை நாம் கவனிப்பதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் கரும்பில் தொட்டில் கட்டிக் குழந்தையைச் சுமந்து செல்லும் பெற்றோரைக் கண்டிருப்பீர்கள். வேண்டுதல் நிறைவேறியோரின் மகிழ்ச்சி அது. அதே படியில், அதே வேண்டுதலுடன், எட்டாவது ஆண்டாக வெறுங்கையுடன் ஏறுகிறவளும் இருக்கலாம். வளைகாப்புக்கு அழைக்கப்படாமல் விடப்படுவதும் வலி, அழைக்கப்பட்டு ஓரமாக நிற்பதும் வலி.

அறிவுரைகளுள் மிகப் பரவலானது, "மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, தானாக நடக்கும்" என்பது. நல்லெண்ணத்தில் பிறந்த இச்சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது: நீ கவலைப்படுவதால்தான் கரு தங்கவில்லை என்பதே அது. பேராசிரியர் ஜாக்கி பாய்வினும் அவருடைய குழுவினரும் 14 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற 3,583 பெண்களையும் தொகுத்து ஆராய்ந்து 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். சிகிச்சைக்கு முன்னிருந்த மனத்துயருக்கும் அச்சிகிச்சைச் சுற்றின் வெற்றி தோல்விக்கும் தொடர்பு காணப்படவில்லை. இம்முடிவை நாம் இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவதாக, தன் கண்ணீரே தன் குழந்தையைத் தடுத்தது என்று எந்தப் பெண்ணும் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவதாக, மனநல உதவி என்பது கருத்தரிப்பதற்கான குறுக்குவழியும் அன்று. குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் அவள் நலமாக வாழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். "மன அழுத்தத்தைக் குறையுங்கள், கருத்தரியுங்கள்" என்று விளம்பரம் செய்யும் செயலியை இக்காரணத்தால் ஐயத்துடன் நோக்க வேண்டும்.

3. திரை ஏன் துணையாகிறது?

மனநல ஆலோசகர் இருக்க, கைப்பேசி எதற்கு என்று கேட்கலாம். காரணங்கள் மூன்று. ஆலோசகரிடம் செல்வது பிறர் கண்ணில் படும். தமிழ்க் குடும்பங்களில் "மனநலம்" என்ற சொல்லைப் "பைத்தியம்" என்று காதில் வாங்குவோர் இன்னும் உள்ளனர். அடுத்து, துயர் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. கணவர் உறங்கிய பின்னர் இரவு இரண்டு மணிக்கும் வருகிறது. மூன்றாவதாக, செயற்கைக் கருத்தரிப்புச் சுற்று மாதக்கணக்கில் நீளும். ஊசி போடும் நாள்கள், கருமுட்டை எடுக்கும் நாள், கருவைக் கருப்பையில் வைக்கும் நாள் என அடுத்தடுத்து வரும். அவற்றுள் கடினமானது, கருவை வைத்த பின்னர் முடிவு தெரியும் வரை காத்திருக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம். அப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய வேலை பெரிதாக இல்லை. எண்ணங்களைத் தவிர வேறு துணையும் இல்லை.

அந்த இரண்டு வாரத்துக்கென்றே டெபோரா லங்காஸ்டலும் ஜாக்கி பாய்வினும் ஓர் எளிய கருவியை உருவாக்கினர். 2008இல் வெளியான அவர்களது ஆய்வில் இடம்பெற்ற அக்கருவி, பத்து வாக்கியங்கள் எழுதிய ஓர் அட்டை மட்டுமே. நாளுக்கு இருமுறையேனும் அதைப் படித்து, தன் வாழ்வுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். "எல்லாம் நல்லபடியாக முடியும்" என்று அவ்வாக்கியங்கள் உறுதி கூறுவதில்லை. இந்நிலைக்குள்ளேயே நல்லதாக எதைக் காண முடியும் என்று தேடத் தூண்டுகின்றன. காத்திருப்பைத் தாக்குப்பிடிக்க அது உதவியதாகப் பெண்கள் தெரிவித்தனர். பத்து வாக்கியம் ஒருவருக்குக் கைத்தாங்கலாக இருக்க முடியும் என்பதை மொழி கற்பிக்கும் நாம் வியப்பின்றி ஏற்போம். அவ்வட்டை இன்று கைப்பேசித் திரையில் ஏறுவதற்குத் தடையொன்றும் இல்லை.

மின்னிலக்கத் துணை பல வடிவங்களில் உள்ளது. எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் இணையவழிப் பாடங்கள் ஒரு வகை. அன்றாட மனநிலையைக் குறித்துவைக்கும் செயலிகள் இன்னொரு வகை. ஆலோசகருடன் காணொளி வழியே பேசுதல் மூன்றாம் வகை. உரையாடும் மென்பொருள் நான்காம் வகை. இதன் வரலாறு பலர் நினைப்பதைவிட நீண்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் வைசன்பாம் 1966இல் அறிமுகப்படுத்திய எலைசா, பயனர் கூறிய வாக்கியத்தையே வினாவாகத் திருப்பிக் கேட்டது. அதன் உள்ளே புரிதல் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அவருடைய செயலாளர் அதனுடன் உரையாடத் தொடங்கிச் சற்று நேரத்தில், தனிமை வேண்டும் என்று அவரையே அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம். கேட்பவர் ஒருவர் வேண்டும் என்னும் ஏக்கம் மனிதரிடம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது சான்று.

கருத்தரிப்புச் சிக்கலுக்கென்றே தோமாரின் பங்களிப்புடன் அமெரிக்காவில் ஃபெர்ட்டிகாம் என்னும் செயலி உருவானது. தோழியின் கர்ப்பச் செய்தி, உறவினர் வீட்டு விருந்து என மனத்தைக் குத்தும் சூழல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று அது வழிகூறுகிறது. சிகிச்சை பெறுவோரின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு, ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கங்களின் ஆதரவில் 36 வினாக்கள் கொண்ட படிவம் ஒன்றும் 2011இல் வெளியாகிப் பல மொழிகளுக்குச் சென்றுள்ளது. நம் வட்டாரத்தில் பொதுவான மனநலத்துக்கெனச் சிங்கப்பூரில் 2020 முதல் மைண்ட்லைன் இணையச் சேவை இயங்குகிறது. 2025இல் 1771 என்னும் தேசிய எண்ணும் சேர்ந்தது. மலேசியாவில் 2022 முதல் 15555 என்னும் ஹீல் சேவை உள்ளது. வாய்ப்புகள் இல்லையென்று சொல்ல இயலாது. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றின் வாக்கியங்களும் எடுத்துக்காட்டுகளும் வேறு வாழ்க்கையிலிருந்து வந்தவை.

4. திரையின் எல்லைகள்

துணையாவது எதுவும் தீங்காகவும் மாறலாம். வோபாட் என்னும் உரையாடும் மென்பொருளை 2017இல் 70 இளையரிடம் இரண்டு வாரம் சோதித்தபோது, தகவல் நூலை மட்டும் பெற்றவர்களைவிட அதனைப் பயன்படுத்தியோரிடம் மனச்சோர்வு குறைந்தது. நல்ல தொடக்கம்தான், எனினும் இரண்டு வார முடிவைக் கொண்டு நெடுங்காலப் பயனை உறுதிசெய்ய இயலாது. அதே செயலி 2025 ஜூன் மாத இறுதியில் மூடப்பட்டது. மனம்விட்டுப் பேசப் பழகிய துணை ஒருநாள் அறிவிப்புடன் மறைந்துபோவது, இழப்புக்குமேல் இழப்பைச் சுமப்பவருக்குச் சிறிய செய்தியன்று.

2023இல் அமெரிக்காவின் தேசிய உணவுப் பழக்கக் கோளாறுகள் சங்கம், டெஸ்ஸா என்னும் தன் மென்பொருளை நிறுத்திவைக்க நேர்ந்தது. உணவை வெறுத்து உடல் மெலியும் நோயாளிகளுக்கே அது எடை குறைக்கும் வழிகளைக் கூறியதாகப் புகார் எழுந்தது. மற்றவருக்குத் தீங்கற்ற அறிவுரை, அந்நோயாளிக்கு நஞ்சு. "தத்தெடுத்துக்கொள்ளலாமே" என்று மூன்றாவது கருச்சிதைவுக்கு மறுநாள் ஒரு மென்பொருள் கூறினால் என்ன ஆகும் என்பதையும் இதே வழியில் எண்ணிப் பார்க்கலாம். தத்தெடுப்பது அரிய வழி. அதைச் சொல்லும் நாள் அதுவன்று.

அந்தரங்கமும் கவலைக்குரியது. மாதவிலக்கு நாள், உறவு கொண்ட நாள், மருந்தின் பெயர், அழுத இரவு ஆகியவற்றை ஒரு பெண் செயலியிடம் ஒப்படைக்கிறாள். கருவுறும் நாள்களைக் கணிக்கும் பிரீமாம் செயலி, பயனரின் உடல்நலத் தகவல்களைப் பிற நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக 2023இல் அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இணையவழி ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனமும் விளம்பர நோக்கில் தகவல்களைப் பகிர்ந்ததற்காக அதே ஆண்டில் 78 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் தனிப்பட்ட தகவல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. எனினும், "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்துமுன் எதற்கு ஒப்புகிறோம் என்பது விளங்கும் மொழியில் எழுதப்பட்டிருந்தால்தான் அப்பாதுகாப்புக்குப் பொருளுண்டு. இங்கும் மொழியே வாயிற்காவலாக நிற்கிறது.

5. தமிழில் பேசும் திரைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தென்கிழக்காசிய மொழிகளுக்கெனச் சிங்கப்பூரில் உருவாகிவரும் சீ-லயன் என்னும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியில் தமிழும் இடம்பெற்றுள்ளது. எனவே தமிழில் பேசும் மனநலத் துணை என்பது எட்டாக் கனவன்று. அது வரும்போது எவ்வாறு பேச வேண்டும் என்பதை நாம் இப்போதே எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

முதலில், துயரைத் தமிழர் உடலின் வழியாகவே சொல்வர். "வயிறு எரிகிறது", "நெஞ்சு அடைக்கிறது", "தலை பாரமாக இருக்கிறது", "யாருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை" என்பன நோய்க்குறிகளாக மட்டும் படிக்கத்தக்கவை அல்ல. வயிற்றெரிச்சலுக்கு நெஞ்செரிச்சல் மருந்தைப் பரிந்துரைக்கும் மென்பொருள் நகைப்புக்கு இடமாகும். அதே பிழை வேறிடத்தில் உயிரையே பறிக்கக்கூடும். "பேசாமல் போய்ச் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது" என்று ஒருத்தி எழுதுகிறாள் என்று கொள்வோம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் பொறி, அவள் எங்கோ பயணம் போக விரும்புவதாகப் படித்துவிடக்கூடும். தமிழ் அறிந்தவர் எவரும் அவ்வரியைப் படித்த கணமே எழுந்து நிற்பர். இத்தகைய வழக்குகளைத் தொகுத்து, எது சலிப்பு, எது ஆபத்து என்று பிரித்துக் காட்டுவது மொழியறிவின் வேலை. பிரிக்க இயலாதபோது, மென்பொருள் தானே விடைகூற முனையாமல் உடனே மனிதரிடம் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1767, 1771 ஆகிய எண்களும் மலேசியாவில் 15555 என்னும் எண்ணும் அதற்குரியவை.

இரண்டாவது, விளிச்சொல். வளர்ந்த பெண்ணை மதிப்புடன் விளிக்கத் தமிழில் முதலில் நாவில் வருவது "அம்மா". "சொல்லுங்கம்மா" என்பதில் உள்ள கனிவு ஒருத்திக்கு மருந்தாகலாம். இன்னொருத்திக்கு அதே சொல் முள்ளாகலாம். "அக்கா" என்பதும் "சகோதரி" என்பதும் சிலருக்குப் பொருந்தும், சிலருக்குச் செயற்கையாகத் தோன்றும். "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது எளிய தீர்வு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செயலிக்கு இவ்வினாவே தோன்றியிருக்காது.

மூன்றாவது, வினைமுற்று. "கவலைப்படாதீர்கள்", "அமைதியாக இருங்கள்" என்பவை இலக்கணப்படி ஏவல்கள். துயருற்றவரிடம் ஏவல் எடுபடாது. "சற்று நேரம் மூச்சைக் கவனித்துப் பார்க்கலாமா?" என்னும்போது தெரிவு அவள் கையில் இருக்கிறது. "குழந்தை பிறந்ததும்" என்பதற்கும் "பிறந்தால்" என்பதற்கும் இடையே ஓரிரு எழுத்து வேறுபாடுதான். முன்னது யாராலும் காக்க இயலாத வாக்குறுதி. பின்னது நேர்மையான சொல். எச்சமும் ஏவலும் தேர்வுக்கான பாடங்கள் என்று எண்ணும் மாணவர்க்கு, ஒரு விகுதி ஒருவரின் இரவை மாற்றக்கூடும் என்று இங்கே காட்ட முடியும்.

நான்காவது, எழுத்து. நம் மக்கள் கைப்பேசியில் எழுதும் தமிழ் பாடநூல் தமிழன்று. உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்வர். ஆங்கிலமும் மலாயும் கலப்பர். வாக்கியத்தைப் பாதியில் விடுவர். அழும்போது எவரும் ஒற்றுப் பிழை பார்ப்பதில்லை. அந்தத் தமிழைப் புரிந்துகொண்டு, எளிய தூய தமிழில் மறுமொழி கூறும் திறன் வேண்டும். படிக்கச் சிரமப்படுவோருக்குக் குரல்வழித் துணையும் வேண்டும்.

ஐந்தாவது, சூழல். ஃபெர்ட்டிகாம் போன்ற செயலியின் பட்டியலைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. வளைகாப்பு அழைப்பிதழ், மாமியாரின் மௌனம், தைப்பூசத் தொட்டில், பெயர்சூட்டு விழாவில் குழந்தையை யார் கையில் முதலில் கொடுப்பது என்னும் தயக்கம், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் வரும் விசாரிப்பு ஆகியவை அப்பட்டியலில் புதிதாக எழுதப்பட வேண்டும். அவற்றை எழுதக்கூடியவர்கள் அவ்வாழ்க்கையை அறிந்த தமிழ்ப் பெண்களே.

6. வகுப்பறையின் பங்கு

ஆசிரியர்களும் மாணவர்களும் நடைமுறையில் என்ன செய்யலாம்? மூன்றைக் கூற விரும்புகிறோம்.

ஒன்று, மறுமொழிபெயர்ப்புப் பயிற்சி. மருத்துவ வினாப்படிவங்களை மொழிமாற்றுவோர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவார். மூலத்தைக் காணாத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்பது விளங்கும். மனநலம் பற்றிய பத்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டு உயர்வகுப்பு மாணவர்கள் இதனைச் செய்யலாம். சொல்லகராதிக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொலைவை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.

இரண்டு, செயலியை மதிப்பிடும் பயிற்சி. ஒரு மனநலச் செயலியை நம்புமுன் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்து. இதனை உருவாக்கியவர் யார், அவர்களுள் மனநல வல்லுநர் உண்டா? இதன் பயனை எவரேனும் சோதித்து வெளியிட்டுள்ளனரா? நான் தரும் தகவல் எங்கே செல்கிறது, அதை அழிக்க வழியுண்டா? ஆபத்து நேர்ந்தால் இது என்னை எந்த மனிதரிடம் சேர்க்கும்? நான் புரிந்துகொள்ளும் மொழியில் இவையனைத்தும் எழுதப்பட்டுள்ளனவா? இவ்வினாக்களைக் கற்ற மாணவர், நாளை தம் அக்காளுக்கோ சித்திக்கோ உதவக்கூடியவர் ஆவார்.

மூன்று, நம் சொந்தச் சொற்களைச் சரிபார்த்தல். தாய்மையே பெண்மையின் முழுமை என்னும் கருத்தைக் கட்டுரைக்கும் பேச்சுப் போட்டிக்கும் ஆண்டுதோறும் தலைப்பாகக் கொடுக்கிறோம். தாயைப் போற்றுவதில் குறையொன்றும் இல்லை. தாயாகாதவள் குறையுடையவள் என்ற முடிவுக்கு அத்தலைப்பு மாணவரை இட்டுச்செல்லுமானால், அதைத் திருத்தி எழுதுவது நம் கடமை. அந்தக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியையே கருத்தரிப்புச் சிகிச்சையில் இருக்கலாம். ஆசிரியர் அறையில் விடுப்பு எடுத்துத் திரும்பியவரிடம் "விசேஷமா?" என்று கேட்கும் வழக்கத்தையும் நாம் விட்டுவிடலாம். "நலமா?" என்னும் சொல் தமிழில் இருக்கிறது, அது போதும்.

அன்பர்களே, திரை ஒருபோதும் மனிதருக்கு மாற்றாகாது. இரவு இரண்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையே உள்ள ஆறு மணி நேரத்தைக் கடப்பதற்கு அது ஒரு பாலமாக அமையலாம். மறுகரையில் ஆலோசகரும் மருத்துவரும் கணவரும் தோழியும் காத்திருக்க வேண்டும். அவர்களும் அவளுடன் பேசும்போது, மென்பொருளிடம் நாம் எதிர்பார்க்கும் அதே கவனத்துடன் சொற்களைத் தேர வேண்டும். சிகிச்சை வெற்றிபெற்றவளுக்கும், அதை நிறுத்திக்கொண்டவளுக்கும், குழந்தையைத் தத்தெடுத்தவளுக்கும், குழந்தையின்றியே நிறைவாக வாழ முடிவு செய்தவளுக்கும் மதிப்புடன் வழங்கத்தக்க சொற்கள் நம் மொழியில் உண்டு. அவற்றைத் தேடி எடுத்து, எழுதி, சோதித்து, மென்பொருள் எழுதுவோர் கையில் கொடுக்கும் பொறுப்பை இந்த அவையில் உள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.